தூங்குமூஞ்சியை எழுப்புகிறவர்

விரல் பொத்தானை அழுத்தியதும் உதடு எண்ணத் தொடங்கிவிடும். "ஒண்ணு... ரெண்டு..." திரையில் வெள்ளை எழுத்து வந்தால் எண்ணுவது நிற்கும், ஆணியில் தொங்கும் நோட்டில் ஒரு டிக் விழும். பிறகு அடுத்த கணினி. படுக்கையறை அலமாரியில் துணிமணிக்கு ஒரு தட்டு, மூடி கழற்றிய ஏழு பழைய கணினிகளுக்கு மூன்று தட்டு. முந்தைய நாள் நிரலில் ஒரே ஒரு வரி மாறியிருந்தாலும், ஏழையும் எழுப்பிப் பார்த்த பிறகுதான் லென்ஸ் அக்கா தலை வாரிக்கொண்டு கடைக்குக் கிளம்புவார்.

கண்ணாடிக்கடையில் லென்ஸை அறுத்துச் சட்டத்துக்குள் உட்கார வைப்பது அவருடைய பிழைப்பு. பூட்லோடரைப் பராமரிப்பது கூலி இல்லாத வேலை. மின்சாரம் வந்த நொடியில் ஒரு கணினிக்கு ஒன்றுமே தெரியாது. எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கும் தன் வட்டு, அதாவது டிஸ்க், எங்கே, அதில் என்ன இருக்கிறது, எதிலிருந்து தொடங்குவது என்று விழிக்கும். உள்ளே ஒரு சில்லில் குடியிருக்கும் சின்ன நிரல்தான் அதைத் தட்டி எழுப்பி, வட்டைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதுதான் பூட்லோடர். அக்காவுடையதை யாரும் எடுத்து ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அப்படி வரும் திருத்தங்களைப் படித்து, சேர்ப்பதைச் சேர்த்து, மற்றதைத் திருப்பி அனுப்புவது பதினோரு வருடமாக அவர்தான்.

திருப்பி அனுப்பும்போது பெரும்பாலும் ஒரே காரணம்தான் எழுதுவார்: "ஏன்னு எழுதாத வரியை எங்கிட்ட கொண்டு வராதீங்க."

இத்தகைய நிரல்களை எழுதுகிறவர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுப்பது வழக்கம். அக்கா தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறார். கேட்டால், "கம்ப்யூட்டரே எந்திரிக்கலன்னா எதுல மெயில் அனுப்புவாங்க?" என்பார். விடியுமுன் பால் வண்டி எடுத்து, எட்டரை மணிக்கு வந்து படுக்கும் அவர் கணவருக்கு அந்த எண்ணின் மீது தீராத கோபம். "ஊர்ல உள்ள கம்ப்யூட்டரையெல்லாம் நீ எழுப்பு. என்னை மட்டும் தூங்க விடு."

ஏழுக்கும் பட்டப்பெயர் உண்டு. மவுஸ், கீபோர்டு என்று எல்லா மரியாதையும் செய்தால்தான் எழுந்திருப்பது மாப்பிள்ளை. மின்விசிறி முனகுவது அழுமூஞ்சி. கடைசித் தட்டில் தூங்குமூஞ்சி. அதன் வட்டு சுழன்று வேகம் பிடிக்க மூன்று எண்ண வேண்டியிருந்தது. சுழலும்போது கொசு மாதிரி ஒரு கீச்சொலி வேறு. போன வருடம் கணவர் நச்சரிப்பு தாங்காமல் அக்கா புது வட்டு மாட்டினார். சத்தம் போயிற்று. புது வட்டு ஒன்று எண்ணும் முன்பே வேகம் பிடித்தது. கழற்றிய வட்டு, காற்றுக்கு அடித்துக்கொள்ளும் ஜன்னல் கதவுக்கு முட்டாகப் போயிற்று.

இந்த மாதம் நிரலைச் சுத்தம் செய்யும்போது, "மூன்று விநாடி காத்திரு" என்று ஒரு வரி கண்ணில் பட்டது. ஏன் என்று ஒரு சொல் இல்லை. மூன்று விநாடி தண்டமாகப் போகிறது என்று பலர் குறை சொல்லியிருந்தார்கள். அக்கா வரியை எடுத்தார், ஏழையும் எழுப்பினார், ஏழு டிக் போட்டார், புதிய பதிப்பை வெளியிட்டார்.

ஒன்பதாம் நாள் காலை தொலைபேசி அடித்தது. கணவர் அப்போதுதான் சட்டையைக் கழற்றி மாட்டியிருந்தார்.

"பம்ப் ஹவுஸ்ல இருந்து பேசுறேங்க. உங்க புதுசைப் போன வாரம் ஏத்தினோம், ஓடிட்டுதான் இருந்துச்சு. காலைல கரண்ட் போய் வந்துச்சுங்க. இப்ப டிஸ்க் இல்லைங்குது. கம்ப்யூட்டர் வந்தாதான் மோட்டார் ஓடும். மேட்டு வீடுங்களுக்கு டேங்க்ல மதியம் வரைக்கும்தான் தண்ணி."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா அண்ணே?"

"ஆறு தடவைம்மா. என் கைதான் தேஞ்சுது."

அக்கா தொலைபேசியைக் கட்டிலில் வைத்து, ஒலிபெருக்கியை அழுத்தினார். நிரலை வெளியிட்டவர் அவர். அந்த மோட்டார் நின்றதற்கும் அவர்தான் பொறுப்பு என்பது முகத்தில் தெரிந்தது. "இன்னொரு தடவை ஆன் பண்ணி, பெட்டியில காதை வைங்க. என்ன கேக்குதோ அப்படியே சொல்லுங்க."

"ஒரு கீச்சு சத்தம்... ஏறுது... டிஸ்க் இல்லைன்னு எழுத்து வந்துருச்சு. சத்தம் இன்னும் ஏறிக்கிட்டே இருக்குங்க. கொசு மாதிரி."

கட்டிலிலிருந்த கணவர் எழுந்து உட்கார்ந்தார். "அது நம்ம கொசு இல்ல?"

அக்கா ஜன்னலைப் பார்த்தார். எடுத்த வரி அவரே ஒன்பது வருடம் முன்பு தூங்குமூஞ்சிக்காக எழுதியது. ஏன் என்று எழுத மறந்த ஆளும் அவர்தான். நோயாளியைக் குணமாக்கிவிட்டு, நோயே இல்லை என்று டிக் போட்டிருக்கிறார்.

"அண்ணே, இனிமே ஆஃப் பண்ணாதீங்க. சத்தம் ஏறி முடிச்சு ஒரே சீரா ஆகட்டும். ஆனதும், பக்கத்துல இருக்கிற சின்ன பட்டனை மட்டும் அமுக்குங்க. டிஸ்க் சுத்துறது நிக்காமலே கம்ப்யூட்டர் மறுபடி ஆரம்பிக்கும்."

அழுமூஞ்சி மட்டும் முனகியது.

"வந்துருச்சுங்க. மோட்டார் எடுக்குது, கேக்குதா?"

"கேக்குது. வேற வரி எழுதி அனுப்புறேன். அதை ஏத்துற வரைக்கும், கரண்ட் போனா இதே மாதிரி பண்ணுங்க."

அன்று கடைக்கு விடுப்பு சொன்னார். ஜன்னலுக்கு முட்டாக இருந்த வட்டை எடுத்துத் தூசி துடைத்தார். அந்த இடத்தில் கணவர் தன் செருப்பை வைத்தார். பழைய வட்டு தூங்குமூஞ்சிக்குள் போயிற்று. பொத்தானை அழுத்தினால், டிஸ்க் இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு கணினி எழாததற்கு அக்கா நிம்மதியாக மூச்சு விட்டது அன்றுதான்.

புதிய வரியை எழுதினார்: வட்டு பதில் சொல்லும்வரை காத்திரு, அதிகம் போனால் மூன்று விநாடி. அதன் தலையில் ஏன் என்று ஆறு வரி. தூங்குமூஞ்சியின் நெற்றியில் ஒரு சீட்டு: "ரிப்பேர் செய்யக் கூடாது."

"அப்ப என் தூக்கம்?" என்றார் கணவர்.

"பஞ்சு வாங்கித் தரேன்."

திருத்திய நிரலை ஏற்றி, சுவிட்சைத் தட்டினார். திரை கறுப்பாகவே இருந்தது. கீச்சொலி மெல்ல ஏறியது. ஒன்று. இரண்டு. கணவர் பொறுக்கமாட்டாமல் பொத்தானுக்குக் கை நீட்டினார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்த மணிக்கட்டைப் பிடித்து, மூன்றில் வெள்ளை எழுத்து வரும்வரை விடாமல் வைத்திருந்தார்.