தண்ணீர் வடியாத நிலத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

வாரத்தில் ஆறு நாள் மண்ணைப் பிசைகிறவன் ஏழாவது நாள் என்ன செய்வான்? தூங்குவான். நானும் அப்படித்தான். ஷார்ஜாவில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கட்டடம் எழும்பப் போகும் இடங்களிலிருந்து மண் மூட்டை மூட்டையாக வரும். அதைச் சலித்து, நனைத்து, உருட்டி, உலர்த்தி, எடை போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளையும் மண்ணிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறு, ஜனவரி மாதக் குளிரில், தைத் என்ற ஊரைத் தாண்டி மலைப்பக்கம் இருக்கும் ஒரு பண்ணைக்குப் போனேன். அந்தப் பக்கம் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

போகச் சொன்னது என் மனைவியின் அண்ணன் கலியபெருமாள். மன்னார்குடிப் பக்கத்துக்காரர். ஆறு வருடமாக அந்தப் பண்ணையில் ஆடு மேய்க்கிறார். ஊரில் அவருக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில்தான் வேலை. பண்ணை முழுவதும் சரளையும் மணலும். மழை பெய்தால் மட்டும் ஓடும் காட்டாற்றை இங்கே வாதி என்பார்கள். அந்த வாதியை ஒட்டிய தாழ்வான பக்கத்தில் மட்டும் அரை ஏக்கர் அளவுக்குக் களிமண் கிடக்கிறது. வெள்ளம் வருடக்கணக்காகக் கொண்டுவந்து படிய வைத்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து மச்சானுக்கு மனசு ஆட்டில் இல்லை. தக்காளி போடுகிறேன் என்று முதலாளியிடம் கேட்டுக் கேட்டு, இந்தக் குளிர்காலத்தில்தான் அனுமதி கிடைத்தது. பயிர் தேறினால் நிலம் மச்சான் பொறுப்பு, ஆட்டுக்கு வேறு ஆள். தேறாவிட்டால் டிப்பரில் மணல் கொட்டி மேடாக்கிவிடுவார்கள், மச்சான் மறுபடி ஆட்டுப்பட்டிக்குப் போக வேண்டும்.

வியாழக்கிழமை போன் வந்தது. "மாப்ள, செடி பூரா வாடுது. நீங்க மண்ணு டெஸ்ட் பண்றவங்கதான? ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன். ஞாயித்துக்கெழம அர்பாப் வர்றாராம்." அர்பாப் என்றால் முதலாளி. எனக்குக் கட்டட மண்தான் தெரியும், பயிர் மண் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். பத்தே நிமிடத்தில் ஊரிலிருந்து மனைவி கூப்பிட்டாள். அதற்குப் பிறகு பேச்சுக்கு இடமில்லை.

காலை 6.15க்கு ரூமை விட்டுக் கிளம்பினேன். ஷார்ஜா பஸ் நிலையத்தில் 6.50க்கு தைத் பஸ். டிக்கெட் 15 திர்ஹாம், தூரம் சுமார் 55 கிலோமீட்டர். வழியில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள், கண்ணாடியில் தலையைச் சாய்த்தவன் தைத்தில்தான் எழுந்தேன். 8.05க்கு இறங்கி, ஒரு திர்ஹாமுக்குக் கரக் டீ குடித்து, ஒரு பிக்கப் பிடித்தேன். பண்ணை வரை 28 கிலோமீட்டருக்கு 40 திர்ஹாம் என்று பேசினோம். ஓட்டியவர் பெஷாவர்காரர், நல்ல மனுஷன். பண்ணைப் பாதை பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்.

"பாய், ஆகே கீச்சட் ஹை. காடி நஹி ஜாயேகா."

முன்னால் சேறு, வண்டி போகாது என்கிறார். மழை பெய்து எட்டு நாள் ஆகிவிட்டது, இன்னுமா சேறு என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். 1.4 கிலோமீட்டர் நடை. சரளை மேட்டில் புழுதி பறந்தது. கீழே இறங்கியதும் நாலே எட்டில் ஷூ இரண்டும் ஆளுக்கு இரண்டு கிலோ ஆகிவிட்டன. குச்சியால் வழித்துவிட்டு நடந்தால் மறுபடி அதே எடை. லீவு நாளில் இப்படி எடை தூக்குவதற்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பொதுவாகத் திட்டிக்கொண்டே போய்ச் சேரும்போது 9.20.

மச்சான் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். வா, உட்கார், தண்ணீர் குடி என்று எதுவும் கிடையாது. குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி நீட்டினார்.

"மோந்து பாருங்க மாப்ள. அப்புடியே நம்மூரு மண்ணு. இந்த ஊர்ல இப்புடி ஒரு மண்ணு கெடைக்கும்னு எவனாச்சும் சொன்னா நம்புவமா?"

பத்து வரிசைத் தக்காளி. கீழ் வரிசைகளில் இலை மஞ்சளாகி, தலை தொங்கி நின்றது. செடியைச் சுற்றி ஈரம் மினுங்குகிறது, செடியோ வாடுகிறது. ஓரங்களில் மண் வெடித்து, வெடிப்பின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"காலையில ஒரு தண்ணி, சாயங்காலம் ஒரு தண்ணி கட்டுறேன். அப்பவும் வாடுது. இன்னும் ஒரு தண்ணி சேத்துக் கட்டுனா தேறிடுமா?"

மண்வெட்டி வாங்கி முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினேன். மேலே ஒரு சாண் பழுப்பு. அதற்குக் கீழே சாம்பல் நிறம், நடுநடுவே துருப்பிடித்த தகரம் போலச் செம்புள்ளிகள். அழுகின முட்டை நாற்றம். காற்றே போகாமல் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும் களிமண் இப்படித்தான் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் இந்த நிறத்தைப் பார்த்தாலே நாங்கள் முகத்தைச் சுளிப்போம். கால் மணி நேரத்தில் குழியின் பக்கங்களிலிருந்து தண்ணீர் கசிந்து கணுக்கால் அளவுக்கு நின்றது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் மடங்கி, பழுப்பேறி அழுகியிருந்தது. வேருக்கு மூச்சு முட்டினால் அது தண்ணீரையும் குடிக்காது. அதனால்தான் வாட்டம்.

"நாத்து நடுறதுக்கு முன்னாடி என்ன மச்சான் பண்ணீங்க?"

"மொத மழ பேஞ்சிச்சில்ல? ஈரம் போறதுக்குள்ள மெசின வுட்டு ஓட்டி, அப்பறம் காலால நல்லா மிதிச்சி சேறாக்குனேன். வெண்ண மாதிரி இருந்திச்சி மாப்ள."

நெல்லுக்குச் சேறடிப்பதே தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கத்தான். தக்காளிக்கு அதைச் செய்தால் பூந்தொட்டியின் அடி ஓட்டையை அடைத்த கதை. டெல்டாக்காரர் அல்லாமல் வேறு யாராக இருந்தாலும் அந்த ஈர மண்ணில் கால் வைக்கவே யோசித்திருப்பார்கள். இவர் நாற்பது வருடப் பழக்கத்தில், ஆசை ஆசையாக, மிதி மிதியென்று மிதித்திருக்கிறார்.

"சரி, வடிகால் எங்க?"

"வடிகாலா? பாலைவனத்துல எவன் மாப்ள வடிகால் வெட்டுவான்?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் அவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கையில் ஒட்டியிருந்த மண்ணை உருட்டிக்கொண்டே சொன்னார்: "ஊர்ல வடிகால் இருந்திச்சி. நான் வெட்டுனதில்ல. அது பாட்டுக்கு இருந்திச்சி."

மதியம் குப்பூஸ் ரொட்டியும் பருப்பும். அவர் கட்டிலில் நாற்பது நிமிடம் கட்டையாய்க் கிடந்தேன். விழித்ததும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். மச்சான் செய்த தப்பு என்று தெரிந்தால் அர்பாப் கோபப்படுவார், ஊருக்கே அனுப்பினாலும் அனுப்பலாம். மண் மோசம் என்று சொல்லிவிட்டால் யார் மேலும் பழியில்லை. நிலம் போகும், ஆடாவது மிஞ்சும். "நான் பேசிக்கிறேன், நீங்க சும்மா இருங்க" என்று மச்சானிடம் சொல்லி வைத்தேன்.

3.20க்கு அர்பாப் வந்தார். அறுபது வயதிருக்கும். கணுக்கால் வரை தொங்கும் கந்தூரா அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றைப் பற்றிக் கவலைப்படாமல் இறங்கி நடந்தார். குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மிட்டி கைசா?" மண் எப்படி என்கிறார்.

"மிட்டி கராப் ஹை, அர்பாப்," என்றேன். மண் மோசம்.

"கலாஸ்," என்று ஒரே சொல்லில் கதையை முடித்து, டிப்பருக்குப் போன் போட ஜேபியில் கை விட்டார்.

"நஹி, அர்பாப்."

மச்சான் குரல்தான். ஆறு வருடத்தில் அந்த மனுஷனிடம் அவர் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவையாம், பிறகு சொன்னார். தெரிந்த இந்தியையும் அரபியையும் கூட்டிக் குழைத்துப் பேசினார். "மிட்டி அச்சா. மே கராப் கியா. பானி ஜாஸ்தி. ரஸ்தா மாஃபி." மண் நல்லது, நான்தான் கெடுத்தேன், தண்ணீர் அதிகம், போக வழியில்லை.

எனக்குத் தலை நிமிரவில்லை. அந்த மண்ணைக் காப்பாற்ற அவர் தன்னைக் காட்டிக் கொடுக்கிறார், நானோ அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து மண்ணைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். அர்பாப் என் பக்கம் திரும்பி, "தும் ஜூட் போலா?" என்றார். பொய் சொன்னாயா என்று கேட்கிறார். அவர் என் பதிலுக்குக் காத்திராமல் குழிக்குள் இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, மச்சானிடம் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு ஜும்மா. இரண்டாவது வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருவேன், செடி நின்றால் நிலம் உனக்கு, இல்லையென்றால் மணல். அதுவரை ஆட்டையும் நீதான் பார்க்க வேண்டும். யல்லா, வேலையைப் பார்.

அவர் வண்டி போனதும் மண்வெட்டியை எடுத்தோம். தாழ்ந்த மூலையிலிருந்து வாதிப் பக்கமாக ஒன்பது மீட்டருக்கு ஒரு கால்வாய். கடைசி இரண்டு மீட்டரில் களிமண் முடிந்து சரளை தட்டுப்பட்டது. 5.20க்குக் குழித் தண்ணீர் அந்தப் பக்கமாக நகரத் தொடங்கியது. ஓடியது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். மச்சான் குத்துக்காலிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முதுகு விட்டுப் போயிருந்தது.

"பன்னெண்டு நாளைக்குத் தண்ணி விடாதீங்க மச்சான். செடி தலையத் தொங்கப் போட்டாலும் விடாதீங்க."

தலையாட்டினார். எழுந்து போய், அந்த நிலத்துக்கு வரும் குழாயின் வால்விலிருந்து கைப்பிடியைக் கழற்றி எடுத்து வந்தார்.

"இத நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க மாப்ள. எங்கிட்ட இருந்தா தொறந்துடுவேன். வாடுற செடியப் பாத்துட்டு சும்மா நிக்க எனக்குத் தெரியாது." ஒரு நிமிடம் யோசித்தார். "இந்தாங்க, ஸ்பேனரையும் வச்சிக்கங்க. இத வச்சித் திருகியும் தொறந்துடுவேன்."

தைத்தில் 7.30 பஸ் பிடித்து, ரூமுக்கு வரும்போது 9.10. போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். மழைக்குப் பிறகு பத்து நாளாவது விட்டுப் போங்கள், மலையில் மேகம் தெரிந்தால் வாதிக்குள் இறங்கவே இறங்காதீர்கள். நல்ல ஷூ வேண்டாம். ரப்பர் பூட்ஸ் இருந்தால் போதும். திரும்பி வர வண்டியை முன்னாலேயே பேசி வையுங்கள், இருட்டினால் அங்கே ஒன்றும் கிடைக்காது. அங்கே யாராவது தோட்டம் போடுவதாக இருந்தால் முதலில் முழங்கால் ஆழம் ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால், விதை வாங்கும் முன் வடிகால் வெட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது அந்த மண்ணை உழாதீர்கள், மிதிக்காதீர்கள், பாத்தியை மேடாகப் போடுங்கள். உங்களோடு வந்திருக்கும் நிபுணரை ரொம்ப நம்பாதீர்கள்.

இதை எழுதும் இன்று ஒன்பதாவது நாள். கைப்பிடியும் ஸ்பேனரும் என் தலைமாட்டு ஜன்னலில் இருக்கின்றன. தினம் டூட்டி முடிந்து வந்து படுக்கும் நேரம் பார்த்து மச்சான் போன் செய்கிறார். கீழே நாலு வரிசை போய்விட்டது. மேல் ஆறு வரிசை மத்தியானத்தில் துவண்டு விழுகிறது, ஆனால் காலையில் நிமிர்ந்து நிற்கிறது என்றார் இன்றைக்கு. வெள்ளிக்கிழமை வரை அப்படியே நிற்குமா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன், இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன்.

"கைப்பிடி பத்தரமா இருக்கா மாப்ள?"

"இருக்கு மச்சான்."

"நானே வந்து கேட்டாலும் குடுத்துடாதீங்க."