மூன்றாம் காம்பரா

கண்டியில் இறங்கிய அன்று எல்லாரையும்போல ஏரியைச் சுற்றினேன், படம் பிடித்தேன், வாகன நெரிசலில் நின்று வாய்க்குள்ளேயே திட்டினேன். விசாவில் சுற்றுலா என்று எழுதிக்கொடுத்துவிட்டு வேறென்ன செய்வது? வந்த வேலை வேறு.

மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் என் அக்கா இருக்கிறாள். மூன்று வயதில் காய்ச்சலில் போனவள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலேயே புதைத்தார்களாம். பிறகு இரு நாட்டு ஒப்பந்தம் என்று சொல்லி அப்பாவையும் அம்மாவையும் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். நான் பிறந்தது திருச்சியில். எண்பதைத் தாண்டிய அம்மா இப்போது படுத்த படுக்கை. நான் கிளம்பும்போது கையை விடவில்லை.

"புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டேன்டா. பாத்தா காலு நகராதுன்னு அந்தப் பக்கமே போகல. இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருப்பா. ஊருக்குப் போயிட்டோம், இனி வரமாட்டோம்னு சொல்லிட்டு வந்துரு. மூணாம் காம்பராவுக்குப் பின்னால."

மறுநாள் காலை ஆட்டோவில் ஏறிப் போனேன். காம்பரா என்னும் பத்து அறைகள் வரிசையாகக் கொண்ட அந்த லயம் அப்படியே நின்றது. ரோட்டுப் பக்கமிருந்து மூன்றை எண்ணிப் பின்னால் போனேன். பீன்ஸ் கொடி படர்ந்த போஞ்சிப் பந்தல். நரைத்த தலையோடு நின்று மூன்று வயதுப் பிள்ளையை அக்கா என்று கூப்பிட்டேன். அம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

"யாருங்க அது? எங்க போஞ்சிகிட்ட என்னா பேசிக்கிட்டு நிக்கிறீங்க?"

லயத்துப் பெண் ஒருவர், கையில் குடத்தோடு. விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, ரோட்டுலருந்தா எண்ணுனீங்க? நாங்க பீலிப் பக்கமிருந்துல்ல எண்ணுவோம்!"

மலைத்தண்ணீர் விழும் அந்தப் பீலி லயத்தின் மறுகோடியில் இருந்தது. சே! அரை நூற்றாண்டு கழித்து வந்து போஞ்சிக்கொடியிடம் சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

மூன்றாம் காம்பரா அவருடையதுதான். பின்னால் பலா மரத்தடியில் மஞ்சள் பூசிய சின்னக் கல், முன்னால் அணைந்த விளக்கு, இரண்டு பிஸ்கட்.

"யாரு புள்ளன்னு எங்களுக்குத் தெரியாதுங்க. முன்ன இருந்தவங்க சொல்லிட்டுப் போனாங்க. காலைல எல்லாரும் மலைக்குப் போனதும் அழுவும். அம்மா கொழுந்து எடுக்கப் போயிருக்கா, அந்திக்கு வந்துருவான்னு சொல்லணும். சொன்னா அடங்கிரும்."

எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். எங்கள் பிள்ளையை இத்தனை வருடமும் யார் யாரோ தேற்றியிருக்கிறார்கள்.

"சொல்ல வந்ததைச் சொல்லுங்க," என்றார் அவர். "ஆனா நீங்க போயிருவீங்க. நாளைக்குக் காலைல அந்த அழுகையைக் கேக்கப்போறது நான்."

கல்லின் முன் குந்தினேன். சொல்லிவிட்டு எழுந்தபோது கால் மரத்திருந்தது. அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். கீழே நகரத்தில் பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்மா."

"அழுதாளா?"

"இல்லம்மா."

அது பொய்யில்லை. "அம்மா அந்திக்கு வந்துருவாங்கக்கா" என்றுதான் நானும் சொல்லியிருந்தேன்.