பேய்க்கணவாயின் எதிரிகள்

எண்பதுகளில் ஒருநாள், பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டை போகும் பஸ்ஸில், உறவினர் வீட்டுக்கு வந்து திரும்பிய ஒரு சங்கு குளிப்பவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"பாறை இடுக்குல அஞ்சாளை மீனு, பாம்பு மாதிரி இருக்குமே, அது கடிச்சிருச்சு" என்றார்.

"அதைக் கொன்னுட்டீகளா?"

முறைத்தார். "எதுக்குக் கொல்லணும்? என் தம்பியக் கடிச்சது நீல வளையம் போட்ட எட்டுக்கால் பேய்க்கணவா. உள்ளங்கை அளவுதான் இருக்கும். வெசம் ஏறி, மூச்சு முட்டி, வள்ளத்துலயே செத்தான். அந்தச் சனியனத் திங்குறது அஞ்சாளை. மிச்ச வெரலையும் குடுப்பேன்."

நான் விலங்கியல் வாத்தியார் என்று தெரிந்ததும், "வேற எதெல்லாம் அதைத் திங்கும்? சொல்லுங்க" என்று அதட்டினார்.

"பெரிய மீனுக, கடல்பறவைக..."

"அப்பறம்?"

எனக்கு அவ்வளவுதான் தெரியும். என்னையே வெறித்துப் பார்த்துவிட்டு, அருப்புக்கோட்டையில் இறங்கிப் போனார். பேய்க்கணவாயைத் தின்னும் உயிர் எதைப் பற்றிப் படித்தாலும், இன்றுவரை அவருக்காகக் குறித்துவைக்கிறேன்.