அத்தை பேரில் ஆட்டோ

கலகெதரையில் ஒருவரிடம் வாங்கிய பழைய சிவப்பு ஆட்டோ அது. வண்டிப் புத்தகத்தில் பெயர் மாறுவதற்கு முன்பே அப்பா பின்கண்ணாடியில் தன் பெயரைப் பெரிதாக ஒட்டிவிட்டார். ஓட்டப்போவது அவர்தான். ஆனால் வாங்கியவள் அத்தை, அவருடைய தங்கை. எட்டு வருடம் குவைத்தில் ஒரு வீட்டின் தரையையும் கழிவறையையும் ஆசிட் ஊற்றிக் கழுவிச் சேர்த்ததையெல்லாம் இதில் போட்டிருந்தாள்.

"புக்கு மட்டும் என் பேர்ல இருக்கட்டும்ண்ணே" என்று கேட்டாள். அப்பா சரி என்றார். முகம் மட்டும் சரி சொல்லவில்லை.

பெயர் மாற்றக் கண்டிக்குப் போனபோது, வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போட்டு நானும் ஒட்டிக்கொண்டேன். எனக்கு ஒன்பது வயது.

மோட்டார் ஆபீசில் காலையிலிருந்து காத்திருந்து, ஒருவழியாக எங்கள் முறை வந்தது. விற்றவர் கையெழுத்துப் போட்டு, பெருவிரலையும் வைத்துவிட்டு நகர்ந்தார். அடுத்து அத்தை. கையெழுத்து சரியாக வந்தது. விரலை வைத்தால் கறுப்பாக ஒரு பொட்டுதான் விழுந்தது. கோடு ஒன்றுகூட இல்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த ஆபீஸ் மிஸ் மறுபடி வைக்கச் சொன்னார். அப்பா அத்தையின் விரலைப் பிடித்து அழுத்தினார். பொட்டு இன்னும் பெரிதானது. மிஸ் சிங்களத்தில் சொன்னது எனக்கே விளங்கியது. தாளில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இடமிருக்கிறது, அதுவும் பதியாவிட்டால் தாளை ஏற்க முடியாது.

"பேசாம என் பேருக்கே போட்டுருவோம்" என்றார் அப்பா. "யாரு பேர்ல இருந்தா என்ன, நம்ம வண்டிதானே." சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். போட்டோகொப்பிகூடத் தயாராக இருந்தது.

அத்தை அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் அழவில்லை. முந்தானையால் விரலைத் துடைத்து, மையை லேசாகத் தொட்டாள். அப்பா பழையபடி கையைப் பிடிக்கப் போனார்.

"கைய விடுண்ணே. அமுக்குனாத்தான் அழியுது. ஏர்போட்டுலயும் இப்புடித்தான். நானே வச்சிக்கிறேன்."

விரல் தாளைத் தொட்டதும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை. நாலைந்து மெல்லிய கோடுகள், அங்கங்கே அறுந்து கிடந்தன. மிஸ் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முத்திரையைக் குத்தினார். அப்பா அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது பின்சீட்டில் அத்தையின் பெருவிரலைத் தடவிக்கொண்டே வந்தேன். அத்தனை வழவழப்பு. தேயிலைக் கொழுந்து பறித்துச் சொரசொரத்துப்போன அம்மாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. வெளிநாட்டில் இருந்தால் கை இப்படி அழகாகிவிடும் போலிருக்கிறது என்று பொறாமையாக இருந்தது.

"நானும் பெரிய புள்ளையானதும் குவைத் போவேன் அத்தை. என் வெரலும் இப்புடி ஆயிரும்ல?"

அத்தை சட்டென்று விரலை இழுத்து முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள். முன்னால் அப்பா கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். என் வெள்ளைச் சட்டையில் மை பட்டுவிடும் என்றுதான் பொத்திக்கொண்டாள் என்று நினைத்தேன்.