கரவன் நிற்கும் இடத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

எங்கள் கழக முகாமின் கட்டணம் ஏறியதற்கு நான்தான் காரணமா? ஒரு குளிர்காலம் முழுக்க இந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். பதில் கிடைக்கவில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொல்ல மட்டும் என்னால் முடியும். ஒழுங்காகச் சொல்வதில் எனக்குப் பழக்கம் உண்டு. அதுதான் பிரச்சினையின் தொடக்கமும்.

நாங்கள் மொன்றியல் நகரத்தில் வில்லரே என்ற பகுதியில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறோம். வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டு. மகள் நடக்கத் தொடங்கிய கிழமையே கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டேன். பூங்காவில் அவளுக்கும் எனக்கும் நடுவில் யாராவது வந்து நின்றால் வாங்கிலை விட்டு எழுந்துவிடுவேன். அவளுக்கு இப்போது ஆறு வயது. நகரத்தில் அவளை என் கண்ணில் படாத இடத்துக்கு நான் விட்டதே இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் கணவரோடு வேலை செய்த ஒருவர் ஓய்வு பெற்றபோது தன் பழைய கரவனை எங்களுக்கு விற்றார். காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற சின்ன வீடு. நான்கு பேர் படுக்கலாம், ஒருவர் சமைக்கலாம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் திரும்ப முடியாது. நகரத்துக்கு வடக்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஒரு ஏரிக்கரையில் அது நின்றுகொண்டிருந்தது. அந்த இடத்தையும் அவர் எங்கள் பெயருக்கு மாற்றித் தந்தார். அந்த முகாமுக்கு முதலாளி கிடையாது. ஒரு கழகத்துக்குச் சொந்தம், அங்கத்தவர்களே நடத்துகிறார்கள். மே தொடக்கம் ஒக்டோபர் வரைக்கும் ஒரு இடம், அதற்குத் தண்ணீர், மின்சாரம், கழிவுக் குழாய் எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். பக்கத்தில் உள்ள தனியார் முகாம்கள் கேட்பதில் பாதிதான். மோட்டர்ஹோம் என்ற வீட்டு வண்டியில் ஊர் சுற்றி வருபவர்களும் அங்கே சில நாள் தங்கிப் போவார்கள்.

முகாமின் நடுவே ஒரு வட்டமான மண் பாதை இருக்கிறது. எங்கள் கரவன் வாசலில் தொடங்கி அங்கேயே வந்து முடியும். கார்கள் அதில் வரக் கூடாது. மகள் சைக்கிளில் ஒரு சுற்றுப் போய்வர நான்கு நிமிடம். அதில் இரண்டு நிமிடம் பைன் மரங்கள் அவளை மறைத்துவிடும். போன கோடையில் அவள் தனியே போன முதல் நாள் செருப்போடு பின்னால் ஓடினேன். இரண்டாம் கிழமை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓகஸ்டில் ஒரு நாள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது, அவள் எத்தனையாவது சுற்றில் இருக்கிறாள் என்றே தெரியாமல் இருந்தது. சீவி முடித்தேன். அந்தக் கட்டணத்தில் நான் எதை வாங்குகிறேன் என்று யாராவது கேட்டால், அந்த இரண்டு நிமிடத்தை என்று சொல்வேன்.

ஏரிக்கரையில் இடம் இருக்கிறது என்றால் எங்கள் ஆட்கள் வீட்டிலிருக்க மாட்டார்கள். நகரத்தின் லாசால் பகுதியிலிருந்து மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, குடும்பத்தோடு வருவார். அவரோடு அவருடைய கொழுந்தன் குடும்பம். அவர்களோடு ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். முகாம் வாசலில் ஒரு மரக் கொட்டில் இருக்கிறது. அதில் ஒரு கொப்பி. வருகையாளர் யாராக இருந்தாலும் பெயர், வந்த நாள், போன நாள் எல்லாம் அங்கத்தவர் அதில் எழுத வேண்டும் என்பது விதி.

நான் பத்து வயதில் இந்த நாட்டுக்கு வந்தேன். பதினொரு வயதில் எங்கள் வீட்டில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்பாவின் குடிவரவுப் படிவங்களை நான் நிரப்ப, அவர் பக்கத்தில் நின்று, "வடிவாப் பார், ஒரு திகதி பிழைச்சாலும் எல்லாம் பிழைச்சுப் போகும்" என்பார். அப்படி வளர்ந்தவள் கையில் ஒரு கொப்பியும் விதியும் கிடைத்தால் என்ன செய்வாள்? அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். ஒன்பது மாதக் குழந்தையை எழுதினேன். பெட்டி நிறைய மீனை இறக்கி வைத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பிப்போன மச்சாளின் கணவரையும் எழுதினேன்.

போன செப்டெம்பரில் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. வரும் கோடையிலிருந்து இடத்துக்கான கட்டணம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதற்கு மேல், வருகையாளர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு தொகை. கழிவுக் குழி முன்னரைவிட விரைவாக நிரம்புகிறது என்று காரணம் போட்டிருந்தார்கள். கொப்பியின்படி கடந்த மூன்று வருடங்களில் வருகையாளர் தொகை வெகுவாகக் கூடியிருக்கிறது என்றும் ஒரு வரி. நாங்கள் சேர்ந்து மூன்று வருடம்.

கணவரிடம் கடிதத்தைக் கொடுத்தபோது மச்சாள் தொலைபேசியில் இருந்தார். கணவர் தொலைபேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என்னைக் கேட்டார்.

"நீர் அந்தக் கொப்பியில ஆரை எல்லாம் எழுதினீர்?"

"வந்த எல்லாரையும்."

"எல்லாரையும் எண்டால்?"

"எல்லாரையுந்தான்."

மச்சாளின் குரல் மேசையிலிருந்து வந்தது. "இவர் மீன்பெட்டியை வைச்சிட்டுத் திரும்பினவர் எல்லே. அவரையும் எழுதினியோ பிள்ளை?"

"ஓம் மச்சாள்."

"மீனை?"

"மீனை எழுதேல்லை."

"அதென்ன ஓரவஞ்சனை? அவர் பத்து நிமிசம் நிண்டவர். மீன் ரண்டு நாள் நிண்டதெல்லோ!"

கணவர் சிரிக்கவில்லை. "ஆக்கள் வந்தால் காசு, வராட்டிலும் காசு. வித்துப்போட்டு விடுவம்" என்றார். நான், "முதல் கூட்டத்துக்குப் போவம். பேந்து யோசிப்பம்" என்றேன்.

கழகத்தின் பொதுக்கூட்டம் ஒக்டோபரில், குளிர்காலத்துக்காகத் தண்ணீரை நிறுத்துவதற்கு முந்திய சனிக்கிழமை, முகாமின் மண்டபத்திலேயே நடக்கும். நான் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்க் கொட்டிலில் கொப்பியைத் திறந்தேன். மூன்று கோடைகளின் பக்கங்கள். பெரும்பாலானவை என் கையெழுத்து. நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வேறு யாருடைய கிறுக்கலோ.

பக்கத்துக் கரவனில் இருக்கும், நாங்கள் மதாம் என்று கூப்பிடும் பிரெஞ்சுக்கார அம்மாவுக்கு நான்கு ஆண்பிள்ளைகள். ஒவ்வொரு நீண்ட வார இறுதிக்கும் மனைவி, பிள்ளை, நாயோடு வந்துவிடுவார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் கொப்பியில் இல்லை. எல்லோரும் எழுதுகிறார்கள் என்றுதான் மூன்று வருடமும் நினைத்திருந்தேன். கோபம் வரவில்லை. வகுப்பில் நான் மட்டும் வீட்டுப்பாடம் செய்துகொண்டு போன நாளில் வந்த திகைப்புத்தான் வந்தது.

சொல்லவா, விடவா? மதாம் என் மகளுக்குத் தன் பேத்தியின் தலைக்கவசத்தைக் கொடுத்தவர். அவரைக் காட்டிக் கொடுக்க முடியாது. பேசாமல் இருந்தால், குழியை நிரப்பியது நாங்கள் மட்டும்தான் என்று கணக்கில் நிற்கும். கடைசியில் என் பக்கத்தை மட்டும் சொல்வது என்று முடிவெடுத்தேன்.

தலைவர் ஓய்வு பெற்ற பஸ் சாரதி. வருகையாளர் கட்டணம் பற்றிய பகுதி வந்ததும் நான் கையை உயர்த்தி எழுந்தேன். பிரெஞ்சில் சொன்னேன்: "அந்தக் கொப்பியில் உள்ள பெயர்களில் அரைவாசிக்கு மேல் என்னுடைய விருந்தினர்கள். வந்த ஒருவரையும் நான் விடவில்லை. குழி நிரம்புவதில் எங்களுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கொப்பியை வைத்துக் கட்டணம் போடுவதென்றால், எல்லோரும் எழுதினார்களா என்று முதலில் கேட்க வேண்டும்." சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் இருந்தேன்.

 பிறகு மதாம் எழுந்தார். "என் பிள்ளைகளை நான் ஒருநாளும் எழுதியதில்லை. அவர்களா வருகையாளர்கள்? நான் பெற்றவர்கள்!"

பின்வரிசையிலிருந்து ஒருவர், "உன் கடைசி மகன் ஒருவனுக்கே தனிக் குழி வெட்டலாம்" என்றார். மண்டபம் சிரித்தது. அதன் பிறகு ஒவ்வொருவராக, தம்பி, மருமகள், பழைய சிநேகிதன் என்று எழுதாமல் விட்டவர்களைச் சொல்லத் தொடங்கினார்கள்.

வருகையாளர் கட்டணம் வாக்கெடுப்பில் தோற்றது. இடத்துக்கான கட்டண உயர்வு தோற்கவில்லை. காப்புறுதி, மின்கம்பி, குழி இறைப்பது எல்லாம் ஏறிவிட்டன, இது எப்படியும் வரவேண்டியதுதான் என்று பொருளாளர் சொன்னார். கூட்டம் முடிந்து கோப்பி குடிக்க நின்ற வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு மனிதர் திரும்பி, "அந்தக் கொப்பியைப் பார்த்திருக்காவிட்டால் நிர்வாகத்தார் இன்னும் நாலு வருடம் தூங்கியிருப்பார்கள்" என்றார். இருவரையும் நான் நம்புகிறேன்.

மறுநாள் ஞாயிறு, முகாமை மூடும் வேலை நாள். இடத்துக்கு ஒருவர் வந்து இலை வார வேண்டும், படகுத் துறையைக் கரைக்கு இழுக்க வேண்டும். மச்சாள் பதினொரு பேரோடும் இரண்டு தட்டு றோல்ஸோடும் வந்து இறங்கினார்.

"இலை வாரத்தானே கூப்பிட்டவை? சிரமதானம் எண்டால் ஆக்கள் வேணும். காசு கூடக் கேக்கிறவை எங்கடை கையையும் ஒருக்காப் பாக்கட்டும்."

நான் கொட்டிலில் பேனையை எடுத்தேன்.

"இண்டைக்கும் எழுதப் போறியோ?"

"விதி மச்சாள்."

தலைவர் கொப்பியை என் கையிலிருந்து வாங்கி மூடினார். இவர்கள் வேலையாட்கள், வருகையாளர்கள் இல்லை என்றார். பதினொரு மணிக்குள் இலை முழுவதும் குவிந்துவிட்டது. மதாமின் நான்கு பிள்ளைகளும் அன்று வந்து றோல்ஸ் சாப்பிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் வேலையும் செய்தார்கள்.

இப்போது மார்ச். புதிய கட்டணத்துக்குச் சம்மதம் என்று இந்த மாத முடிவுக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். எங்கள் இரண்டு சம்பளத்திலும் அது இறுக்கமாகத்தான் விழும். மகளின் நீச்சல் வகுப்பும், கணவர் தன் பெற்றோரைப் பார்க்கப் போகும் பயணமும் போய்விடும். பழைய கட்டணத்துக்கே ஒரு இடம் கிடைக்கும், ஆனால் அது தெருவுக்கு அந்தப் பக்கம், தண்ணீரோ குழாயோ இல்லாத வெளி. மரம் ஏற்றிய பாரவண்டிகள் ஓடும் தெரு அது. அங்கே போனால் நான் மறுபடியும் வாங்கிலிலிருந்து எழுந்து நிற்கும் தாயாகிவிடுவேன். அதற்கு நான் தயாராக இல்லை. இதில் எனக்கு மறு யோசனை கிடையாது.

மச்சாள் ஒரு வழி சொல்கிறார். இரண்டு குடும்பமும் பாதிப் பாதி போட்டு, கோடையைப் பாதியாகப் பிரிக்கலாம். ஆனால் ஒரு இடத்துக்கு ஒரு குடும்பம் என்பது கழக விதி. "ஆருக்கும் சொல்லத் தேவையில்லை. அவை எங்கடை விருந்தாளிகள், அவ்வளவுதான். இந்த ஒருக்கா வாயை மூடிக்கொண்டு இரும்" என்கிறார் கணவர். எனக்கு அது வராது. நிர்வாகத்திடம் நேராகக் கேட்கலாம். அவர்கள் மறுத்துவிட்டு, எங்களால் முடியவில்லை என்று எடுத்துக்கொண்டு, காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டால்?

கழக முகாமில் கரவனோ மோட்டர்ஹோமோ வைத்திருப்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். உறவினரோடு ஒரே இடத்தைப் பங்கிட்டுப் பார்த்தவர்களும் இருப்பீர்கள். கையெழுத்திட்டு இடத்தை உறுதி செய்த பிறகு நிர்வாகத்திடம் கேட்பது நல்லதா, அதற்கு முன்பே கேட்பது நல்லதா? நீங்கள் செய்ததையும் அதனால் வந்ததையும் எனக்கு எழுதுங்கள். மாத முடிவுக்கு முன்னர் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.