எந்த நாடு என்று கேட்ட பெட்டி

தோர்கில் வேண்டுமென்றேதான் ஜெர்மன்காரர் வீட்டுச் சானல்களை அறுத்துவிட்டான் என்கிறார்களே, நரம்பில்லாத நாக்கு என்னதான் பேசாது! பதினேழு வருஷமாக, ஊருக்குக் கேபிள் டிவி தரும் ஆண்டெனா சங்கத்துக்குச் சம்பளமில்லாமல் ஏணி ஏறுகிறவன், தான் கட்டியதைத் தானே அறுப்பானா?

டென்மார்க்கின் தெற்கு எல்லையோரத்து இந்த ஊரில் டேனிஷ் வீடும் ஜெர்மன் வீடும் அடுத்தடுத்து இருக்கும். எல்லோருக்கும் சங்கம் ஒன்று, கேபிளும் ஒன்று. மார்ச்சில் சங்கம் அலைவரிசைகளை மாற்றியது. சிக்னலின் வேகமும் மாறியது. டிவியில் சானல்களை மறுபடி தேடச் சொல்லி வீட்டுக்கு வீடு சீட்டுப் போட்டார்கள். டேனிஷ் வீடுகளில் எல்லாம் வந்துவிட்டன. பதினொரு ஜெர்மன் வீடுகளில் மட்டும் எத்தனை தரம் தேடினாலும் பூஜ்யம். ரொட்டிக்கடையில் தோர்கிலுக்குக் காலை வணக்கம் சொல்வதுகூட நின்றுபோனது. அதுதான் அவனைச் சுட்டது. எல்லோரையும்விடச் சத்தம் போட்ட வீப்கே அம்மாவின் வீட்டுக்கே நேரே போனான்.

"வாப்பா, மிச்சத்தையும் அறுக்க வந்தியா?"

"அறுக்கறதுக்கு என்னம்மா இருக்கு? நீங்க எப்படித் தேடினீங்களோ அப்படியே தேடுங்க, பாக்கறேன்."

எந்த நாடு என்று டிவி கேட்டது. கிழவியின் விரல் யோசிக்காமல் ஜெர்மனியை அமுக்கியது.

"இருங்க, இருங்க! எதுக்கு ஜெர்மனி?"

"பின்ன? நான் எந்த ஆளுன்னு உனக்குத் தெரியாதா?"

தோர்கிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெர்மனி என்றால் டிவி அந்த நாட்டுக் கேபிளின் வேகத்தில்தான் தேடும். இங்கே வருவதோ வேறு வேகம். பதினொரு வீட்டிலும் இதே கதைதான்!

"ஒரே ஒரு தடவை டென்மார்க்குன்னு அமுக்குங்கம்மா."

"எங்க தாத்தா அமுக்கல, எங்கப்பா அமுக்கல, நான் அமுக்கணுமா?"

"உங்க தாத்தா காலத்துல டிவியே இல்லியே!"

"இருந்திருந்தாலும் அமுக்கியிருக்க மாட்டாரு."

அவன் வாதாடவில்லை. பட்டியலின் அடியில் 'மற்றவை' என்று ஒன்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து, சங்கத்தின் அலைவரிசை எண்ணையும், வேகம் 6875 என்பதையும் கையாலேயே பதித்தான். ஒன்பது, முப்பத்தொன்று, எண்பத்து நான்கு என்று சானல்கள் ஏறின. ஹாம்பர்க் செய்திக்காரி பேச ஆரம்பித்தாள்.

வீப்கே அம்மா தொலைபேசியை எடுத்து எதிர்வீட்டு ஜெர்மன்காரர் ஹன்னோவைக் கூப்பிட்டாள்.

"ஹன்னோ, அந்த மனுஷன் மேல ஒரு தப்புமில்ல. தப்பு நம்ம விரல்லதான். இப்ப அங்க வருவான், காபி போட்டு வை. மத்தவங்களுக்கும் நீயே சொல்லிடு."

ரை தானியக் கறுப்பு ரொட்டியைப் பொடித்துச் செய்த கேக்கில் இரண்டு துண்டு தின்னவைத்துத்தான் அவனை விட்டாள். அவன் கதவைத் திறந்து வெளியே வந்தபோது, ஹன்னோ கையில் ரிமோட்டோடு வேலியருகே நின்று, "காலை வணக்கம், தோர்கில்" என்றார்.