மாமனார் போட்ட நாலு மார்க்

வெளியே தார் உருகும் வெயில். உள்ளே பதினெட்டு டிகிரி குளிர். இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு. அந்தக் கதவைத் தினமும் காலை எட்டு மணிக்குக் கம்பளிச் சட்டையோடு கடந்து போகிறவர்தான் நம் கதாநாயகர். பேருந்தில் மற்றவர்கள் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருக்க, இவர் மட்டும் அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காய்ச்சல்காரர் போலிருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். அதில் இவருக்கு வருத்தமே கிடையாது. இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

வேலை, வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் ஒரு கம்பெனியின் கால் சென்டரில். இணைப்பு கிடைக்காதவர்கள் கூப்பிட்டுத் திட்டுவார்கள், இவர் வாங்கிக்கொள்வார். ஒன்பது வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறார். கூட வேலை பார்ப்பவர்கள் இவருக்கு வைத்த பெயர் மோடம். விளக்கு எரியும், சத்தம் வராது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். தலையில் ஹெட்போன் இருக்கும்வரை கம்பெனி எழுதிக் கொடுத்ததைத் தேன் ஒழுகப் பேசுவார். கழற்றிவிட்டால் அன்றைய பேச்சு முடிந்தது.

பேசாத நேரத்தில் சிந்திப்பார். உலகப் பிரச்சினைகளில் பாதி, ஒரு தடவை அணைத்துவிட்டுப் போட்டால் தீரும். மீதிப் பாதி, அணைத்துவிட்டுப் போடாமலே இருந்தால் தீரும் என்பது அவருடைய முடிவு. ஆபீஸ் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றபோது அதன் மெயின் சுவிட்சை அணைத்து இந்தத் தத்துவத்தைப் பரிசோதித்துப் பார்த்தார். உள்ளே இருந்த ஆறு பேரும் முக்கால் மணி நேரம் இருட்டில் அவரைப் பற்றித் தாராளமாகப் பேசினார்கள். அதையும் வாங்கிக்கொண்டார்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை உண்டு. நான்காவது மாடியில், ஊருக்கே இணையத்தை அனுப்பும் சர்வர்கள் இருக்கும் இயந்திர அறை. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி; அதன் வழியே பார்த்தால் வரிசை வரிசையாகப் பெட்டிகள், பச்சை விளக்குகள். சாப்பாட்டு இடைவேளையில் அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வருவார். அந்தப் பெட்டிகளில் ஒன்றுகூட இதுவரை 'உங்க மேனேஜரைக் கூப்பிடுய்யா' என்று சொன்னதில்லை.

அந்த அறையில் ஓர் ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. தகுதி, மதிப்பெண். ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் வாடிக்கையாளர் ஒன்று முதல் ஐந்து வரை ஏதாவது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் அல்லவா? ஐந்து வந்தால் பாஸ். நாலு, மூணு, இரண்டு, ஒன்று எல்லாமே பூஜ்யம். ஐந்துக்குக் கீழே போட்டவன் திருப்தி அடையாதவன் என்பது கம்பெனியின் கொள்கை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஐந்து போட்டிருந்தால் மனு போடலாம். கடைசி நாள் மாலை மூன்று மணிக்கு மோடம் கணக்குப் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு ஐந்து வேண்டும்.

அடுத்த அழைப்பு வந்தது. திரையில் தெரிந்தது மாமனாரின் பெயர்.

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். உறவினர் அழைத்தால் உடனே பக்கத்து நாற்காலிக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் தண்டனை. மோடத்தின் விரல் மாற்றும் பொத்தான்வரை போனது. ஆனால் பெண்ணைக் கொடுத்தவர் ஒரு ஐந்து கொடுக்க மாட்டாரா என்று மனசு கேட்டது. விரல் திரும்பி வந்துவிட்டது.

"வணக்கம் சார். உங்களுக்கு இன்று நான் எப்படி உதவ வேண்டும்?"

மாமனாருக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்மேல் குற்றமில்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் மருமகன் இவ்வளவு நீளமான வாக்கியம் பேசி அவர் கேட்டதே இல்லை.

அவர் வீட்டு மோடம் எங்கே இருக்கிறது என்று நம்மவருக்குத் தெரியும். தூசி படக் கூடாது என்று மாமியார் பூப்போட்ட துணியில் சுற்றி, இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். இந்த ஊர் வெயிலில் அந்தப் பீரோவுக்குள் முட்டை வேகும். போன ஞாயிற்றுக்கிழமைதான் அதைப் பார்த்து, வெளியே எடுத்து வைக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு வந்திருந்தார். ஆனால் முன்பின் தெரியாத ஊழியனுக்குப் பீரோ எப்படித் தெரியும்? எனவே விளக்கு என்ன நிறம், ஒயர் சரியாக இருக்கிறதா என்று கம்பெனி கொடுத்த தாளில் இருந்த கேள்விகள் அத்தனையும் கேட்டு, இருபத்திரண்டாவது கேள்வியில் பீரோவுக்கு வந்து சேர்ந்தார்.

இடையில் பீரோ சாவியை மாமியார் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் மாமனார் மனம்விட்டுப் பேசினார். "எனக்கும் ஒரு மருமகன் இருக்காரு தம்பி. உங்களை மாதிரி வேலைதான். வாயைத் திறந்தா 'ம்'. ரெண்டு தடவை 'ம்'னா அன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருக்காருன்னு அர்த்தம்."

"உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது சார்" என்றார் மருமகன். தாளில் அப்படித்தான் போட்டிருந்தது.

துணியைக் கழற்றி மோடத்தை ஜன்னல் ஓரம் வைத்ததும் இணைப்பு வந்தது. மாமனார் வாயாரப் புகழ்ந்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் சிவப்பாக ஒரு எண் விழுந்தது. நாலு.

மாலையில் மனைவியைக் கூட்டி வர மோடம் மாமனார் வீட்டுக்குப் போனபோது, அங்கே அந்தத் தொலைபேசித் தம்பியின் புகழ்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்துக் கத்துக்கச் சொல்லி மருமகனுக்குச் சாடையாக ஒரு புத்திமதியும் நடந்தது. கடைசியில் மாமனார் பெருமையோடு சொன்னார், "நாலு மார்க் போட்டிருக்கேன்."

ஏன் ஐந்து போடவில்லை என்று மோடம் கேட்டார். அவர் தானாக ஒரு கேள்வி கேட்டது அந்த வீட்டில் இதுவே முதல் தடவை.

மாமனார் முப்பத்தெட்டு வருஷம் கணக்கு வாத்தியார். பொதுத்தேர்வு விடைத்தாள்கள் திருத்தியவர். முழு மார்க் என்பது அவர் பேனாவிலிருந்து இறங்கியதே இல்லை. "கேள்வி கொஞ்சம் அதிகமா கேட்டாரு. அதுக்கு ஒண்ணு குறைச்சேன். நாலுன்னா எண்பது சதவீதம் மாப்பிள்ளை. ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"அந்தக் கம்பெனியில அது ஃபெயில் மாமா" என்றார் மோடம். தனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே இருப்பதாகவும், அந்த நாலால் தொலைபேசித் தம்பிக்கு வர வேண்டிய வேலை போய்விடும் என்றும் சொன்னார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

மாமனார் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. தன் பேனாவால் ஒரு பையன் அநியாயமாக ஃபெயில் ஆவதை அவர் பார்த்ததில்லை. மறுநாள் காலையே கம்பெனிக்கு எழுதிவிட்டார், மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று. ஆனால் விடைத்தாளைத் திரும்பப் பார்க்காமல் மார்க்கை மாற்றுகிற வழக்கம் அவருக்கு இல்லை. இணைப்பு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட பதினோரு பக்கங்களையும் படித்து, அழைப்பின் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு என்ற வரியை ஒன்பதாம் பக்கத்தில் கண்டுபிடித்திருந்தார். அப்படி ஒரு வரி இருப்பது கம்பெனிக்கே அப்போதுதான் தெரிந்தது. மூன்று நாளில் ஒலிப்பதிவு வந்தது. கூடவே வந்த கடிதத்தில், மறுமதிப்பீடு முடியும்வரை இயந்திர அறை நியமனத்தை நிறுத்தி வைப்பதாகவும் ஒரு வரி இருந்தது.

கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து ஒலிப்பதிவைப் போட்டார்கள். மாமனார் கையில் சிவப்புப் பேனா. மூன்றாவது வாக்கியத்தில் மோடத்தின் மனைவி நிமிர்ந்தாள்.

"அப்பா, இது இவருப்பா."

"யாரு?"

"என் வீட்டுக்காரர்தான். வேற யாரு?"

மாமனார் நம்பவில்லை. "இவரு இவ்ளோ பேசுவாரா?"

"வீட்டுலதான் பேச மாட்டாரு. ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா பேசுவாரு போல" என்றாள் அவள். குரலில் இருந்தது கோபமா பெருமையா என்று கண்டுபிடிக்க மோடத்துக்குத் தாளில் கேள்வி எதுவும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அதற்குள் ஒலிப்பதிவு மருமகனைப் பற்றிய பகுதிக்கு வந்து சேர்ந்தது. முழுவதையும் எல்லோரும் கேட்டார்கள். மாமியார் மட்டும், ஃபோனில் குரல் நல்லாத்தான் இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னார்.

மாமனார் பேனாவை மூடினார்.

"மாமா, அஞ்சுன்னு எழுதிட்டு விட்டுடுங்க" என்றார் மோடம். "அந்த ரூம் ஒண்ணுதான் நான் இதுவரைக்கும் ஆசைப்பட்டது."

மாமனார் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சொந்தக்காரன் பேப்பர் கைக்கு வந்தா திருத்தாம கட்டோட திருப்பி அனுப்பிடணும் மாப்பிள்ளை. என் தங்கச்சி பையன் பேப்பரையே அப்படித்தான் அனுப்பினேன். அவ ரெண்டு வருஷம் என்கூட பேசல."

மாமனார் கம்பெனிக்கு எழுதிய கடிதம் இரண்டு பக்கம் வந்தது. அந்த ஊழியர் என் மருமகன், நான் போட்ட மதிப்பெண் செல்லாது, அதை நீக்கிவிடவும் என்று எழுதியிருந்தார். தெரியாமல் செய்த தன் தவறுக்கு மன்னிப்பும் கேட்டிருந்தார். மருமகன் தெரிந்தே செய்ததைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆனால் கம்பெனியில் இருப்பவர்களுக்கும் கூட்டிக் கழிக்கத் தெரியும்.

நாலு நீங்கியது. ஐந்தும் வரவில்லை. இயந்திர அறைக்கு, ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் 'எனக்கு ரெண்டு குழந்தைங்க சார், அஞ்சு அழுத்துங்க' என்று கெஞ்சும் பக்கத்து நாற்காலிக்காரர் போனார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

மோடத்தை டீம் லீடர் அழைத்துத் தண்டனையை வாசித்தார். ஆறு மாதம் எந்த வாடிக்கையாளரோடும் பேசக் கூடாது. தரைத்தளத்தின் பின்பக்கம் இருக்கும் கிடங்கில், வீடுகளிலிருந்து திரும்பி வந்த பழுதான மோடங்களைப் பிரித்துப் பார்த்துத் தேறுவது எது, தேறாதது எது என்று பிரித்து வைக்க வேண்டும். அங்கே ஏ.சி. கிடையாது. கூட யாரும் கிடையாது. இதை வாசித்துவிட்டு டீம் லீடர் ஆறுதலாகத் தோளில் தட்டிக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. கம்பளிச் சட்டை வீட்டுக் கொடியில் தொங்குகிறது. கிடங்கில் வியர்வை வழிய, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக இருக்கிறார் மோடம். இதுவரை நானூற்றுச் சொச்சம் பெட்டிகளைப் பிழைக்க வைத்திருக்கிறார். ஒன்றுகூட அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த மாதம் தண்டனை முடிகிறது. ஹெட்போனுக்குத் திரும்பி வரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அதனால் சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனியின் விதிப்புத்தகத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறார். வேலை போகாமல், இன்னும் ஓர் ஆறு மாதம் மட்டும் கிடைக்கிற மாதிரி எந்த விதியை மீறலாம் என்று. நாற்பத்தேழாம் பக்கம்வரை வந்திருக்கிறார்.